முந்திக்கொண்ட மேலறை

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பர்ன்லி என்று ஓர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகச் சந்தைக்குப் பருத்தித் துணி நெய்து அனுப்பிய ஊர்களில் அது முன்வரிசையில் இருந்தது. லங்காஷயர் ஆலைத் துணி இந்தியாவில் வந்து குவிந்தபோது நம் கைத்தறிக்காரர்கள் பிழைப்புக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. பவானியில் ஜங்கமர் சமூகத்து நெசவாளர்கள் முரட்டு வண்ண நூலில் கெட்டியான விரிப்பு நெய்யத் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் பவானி ஜமக்காளம் ஆயிற்று என்று ஊரின் நெசவு வரலாறு சொல்கிறது. காவிரியும் பவானியும் கூடும் ஊருக்கும் பர்ன்லிக்கும் இப்படி ஒரு பழைய கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் யாரும் சேர்க்காத ஒரு வரவும் இருக்கிறது. நெஞ்சில் ஒரு துடிப்பு விட்டுப்போகிறது என்று இன்று பவானியில் ஒரு நெசவாளி மருத்துவரிடம் போனால், பயப்பட வேண்டாம் என்று அவருக்குச் சொல்வதற்கான ஆதாரத்தை முதலில் திரட்டித் தந்தவர்களில் பர்ன்லியின் ஆலைத் தொழிலாளிகளும் அடக்கம்.

அவர்களைப் பார்த்து எழுதி வைத்தவர் ஜேம்ஸ் மெக்கன்சி. 1853-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். 1879-இல் பர்ன்லிக்குக் குடும்ப மருத்துவராக வந்தார். 1907-இல் லண்டனுக்குப் போகும்வரை அங்கேயே இருந்தார். அவர் கவனத்தை இதயத்தின் பக்கம் திருப்பியது ஒரு சாவு. அவர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணி, பிரசவ வலியின்போது இதயம் ஓய்ந்து இறந்துபோனார். இதை முன்கூட்டியே அறிந்திருக்க முடியாதா என்ற கேள்வி அவரை விடவில்லை. இதய நோய் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது, தாறுமாறாக ஓடும் நாடிகளில் எது ஆளைக் கொல்லும், எது ஒன்றும் செய்யாது என்பதற்குப் பாடநூல்களில் விடை இல்லை. நாடியில் ஒரு துடிப்பு தவறினாலே வேலையை விடச் சொல்லிப் படுக்கையில் கிடத்துவது அன்றைய மருத்துவர்கள் பலரின் வழக்கம். தினக்கூலிக் குடும்பத்துக்கு அதன் பொருள் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

மெக்கன்சி செய்தது எளிய காரியம், ஆனால் பெரிய மருத்துவமனை மருத்துவர்களால் செய்ய முடியாத காரியம். ஒவ்வொருவரின் நாடியையும் பதிவு செய்துகொண்டு காத்திருந்தார். மருத்துவமனைக்கு வரும் நோயாளி குணமாகியோ இறந்தோ போய்விடுவார். அதன் பிறகு அவர் கதை தெரியாது. ஒரே ஊரில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே குடும்பங்களைப் பார்த்தவருக்கு, முப்பது வயதில் நாடி தவறியவர் ஐம்பது வயதில் எப்படி இருக்கிறார் என்று தெரியும். மருத்துவ அறிவியலில் பொறுமை எவ்வளவு பெரிய கருவி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இன்னொரு கருவியும் அவரிடம் இருந்தது. பாலிகிராஃப் என்ற அந்தப் பதிவுக் கருவியைப் பக்கத்து ஊர்க் கடிகாரக்காரர் ஷாவின் உதவியோடு சிறிதாக்கி, நோயாளியின் வீட்டுக்கே எடுத்துப் போகும்படி செய்துகொண்டார். அதன் ஒரு முள் மணிக்கட்டு நாடியை எழுதும். இன்னொரு முள் கழுத்துச் சிரையின் அசைவை எழுதும். மணிக்கட்டில் தெரிவது இதயத்தின் இடக் கீழறை பாய்ச்சிய ரத்தம். கழுத்துச் சிரையில் தெரிவது வல மேலறை சுருங்கும்போது பின்னோக்கி எழும் சிற்றலை. ஒரே காகிதத்தில் மேலறை ஒரு கோடு, கீழறை ஒரு கோடு. இனி கேள்வி சுலபம். மணிக்கட்டில் ஒரு துடிப்பு நேரத்துக்கு முன்பே வந்திருக்கிறது. அதற்கு முன்னால் கழுத்து அலையும் முந்தி வந்திருக்கிறதா? வந்திருந்தால் அந்தத் துடிப்பு மேலறையில் பிறந்தது. கழுத்து அலை தன் வழக்கமான நேரத்திலேயே இருந்தால் அது கீழறையில் பிறந்தது. இ.சி.ஜி. இயந்திரம் பரவலாவதற்கு முன்பே, ஓர் ஆலை ஊரின் குடும்ப மருத்துவர் இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார். முந்து துடிப்பைத் தவிர வேறு இதயக் கோளாறு இல்லாதவர்கள் மற்றவர்களைப் போலவே உழைத்து வாழ்ந்ததையும் கண்டு எழுதினார்.

பவானி நெசவாளி ஒருவர் மருத்துவரிடம் வருவதாக வைத்துக்கொள்வோம். வயது ஐம்பதைத் தாண்டியவர்.

“ஏனுங்க டாக்டரு, ராத்திரி படுத்தா நெஞ்சுல ஒரு அடி விட்டுப் போயிருதுங்க. அப்பறம் ஒண்ணு தூக்கிப் போடுதுங்க.”

“வேலை செய்யறப்ப வருதுங்களா?”

“தறியில உக்காந்துட்டா தெரியறதில்லீங்க. சும்மா இருக்கறப்பத்தானுங்க.”

“தலை சுத்தறது, மயக்கமா விழுந்தது ஏதாவது?”

“அதெல்லாம் இல்லீங்க. நின்னே போயிருமோன்னு பயந்தானுங்க.”

இந்தப் பதில்களிலேயே பாதி நோயறிதல் முடிந்துவிட்டது. அவர் உணர்வது ஒரு நிறுத்தத்தையும் அடுத்த ஓங்கிய அடியையும். ஆனால் தவறு நடந்தது நிறுத்தத்துக்கு முன்பே. முந்தி வந்த துடிப்பை அவர் உணரவேயில்லை. கீழறை ரத்தத்தால் நிரம்புவதற்குள் அது சுருங்கிவிட்டதால் வெளியே பாய்ந்தது கொஞ்சம்தான். மணிக்கட்டில் அது தட்டுப்படாமலேயே போகலாம். அதன் பிறகு வரும் இடைவெளி நீளமானது. அந்த நேரத்தில் கீழறை நன்றாக நிரம்புகிறது. தசை நார்களுக்குள் கால்சியமும் கூடுதலாகச் சேர்கிறது. ஆகவே அடுத்த துடிப்பு வலுவாக விழுகிறது. தூக்கிப் போட்டது அதுதான். உண்மையில் அது முறைப்படி வந்த நல்ல துடிப்பு. இரவில் இடப்பக்கம் சரிந்து படுக்கும்போது இதயம் மார்புச் சுவரை நெருங்குவதாலும், சுற்றிலும் சத்தம் அடங்கியிருப்பதாலும் அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

முறைப்படி என்றால் யார் முறை? வல மேலறையின் உச்சியில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில், சைனஸ் முடிச்சு என்ற சிறு திசுக் கூட்டம் இருக்கிறது. 1906 கோடையில் மார்ட்டின் ஃப்ளாக் என்ற மருத்துவ மாணவர், உடற்கூற்றியலாளர் ஆர்தர் கீத்தின் கிராமத்து வீட்டில், ஓர் அகழெலியின் இதயத்தை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது இதைக் கண்டார். அதே ஆண்டில் ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ஜப்பானியரான சுனாவோ தவாரா, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்தூண்டலைக் கடத்தும் ஏ.வி. முடிச்சை விளக்கி எழுதினார். சைனஸ் முடிச்சு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை தானாகவே மின்தூண்டல் எழுப்பும். அது இரண்டு மேலறைகளிலும் பரவும். ஏ.வி. முடிச்சில் சற்றே தாமதிக்கும். பிறகு வலம், இடம் என்ற இரண்டு கிளைகள் வழியாகக் கீழறைகளுக்கு இறங்கும். மேலறையில் வேறெங்காவது ஒரு செல் கூட்டம், சைனஸ் முடிச்சின் முறை வருமுன்பே தூண்டலை எழுப்பிவிட்டால் அதுதான் மேலறை முந்து துடிப்பு. மருத்துவமனைப் பேச்சில் ‘ஏட்ரியல் எக்டோபிக்’.

இ.சி.ஜி. காகிதத்தில் இதைக் கண்டுபிடிக்க மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. கட்டம் எண்ணத் தெரிந்தால் பெரும்பகுதி புரிந்துவிடும். காகிதம் வினாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடுகிறது. ஆக ஒரு சின்னக் கட்டம் 0.04 வினாடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 வினாடி. ஒவ்வொரு துடிப்பிலும் முதலில் ஒரு மெல்லிய மேடு வரும். அது பி அலை. மேலறைகளில் மின்சாரம் பரவியதன் தடம். அடுத்து கூரிய க்யூ.ஆர்.எஸ்.; அது கீழறைகளுடையது. கடைசியாக அகன்ற டி அலை. கீழறைகள் மீண்டும் தயாராவதைக் காட்டுவது. இந்த எழுத்துப் பெயர்களைச் சூட்டியவர் நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன். அவரே 1906-இல் வெளியிட்ட பதிவுகளில் முந்து துடிப்புகளும் இருந்தன. இ.சி.ஜி. பற்றிய கண்டுபிடிப்புக்காக 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் நெசவாளியின் இ.சி.ஜி.யில் லீட் 2 என்ற பதிவுக் கோணத்தின் நீளப் பட்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு பி அலையிலிருந்து அடுத்த பி அலைக்கு 20 சின்னக் கட்டம். அதாவது 0.8 வினாடி, நிமிடத்துக்கு 75 துடிப்பு. இப்படியே சில துடிப்புகள் ஓடுகின்றன. திடீரென்று ஒரு பி அலை 12-ஆவது கட்டத்திலேயே வந்து நிற்கிறது. அதன் பின் வழக்கமான க்யூ.ஆர்.எஸ். அடுத்த பி அலை 22 கட்டம் தள்ளி வருகிறது. 12-ம் 22-ம் 34. இரண்டு வழக்கமான இடைவெளிகளின் கூட்டுத்தொகை 40. ஆறு கட்டம் குறைகிறது.

இந்தக் குறைவுதான் மேலறைத் துடிப்பின் கையெழுத்து. மேலறையில் எழுந்த முந்து தூண்டல் கீழே மட்டும் இறங்குவதில்லை. பின்னோக்கிச் சென்று சைனஸ் முடிச்சையும் தொட்டு, அது பாதி எண்ணி வைத்திருந்த கணக்கை அழித்துவிடுகிறது. முடிச்சு அந்த நொடியிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்குகிறது. கீழறையில் பிறக்கும் முந்து துடிப்போ பெரும்பாலும் சைனஸ் முடிச்சுவரை ஏறிப் போவதில்லை. முடிச்சு தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கும். ஒரு தூண்டல் மட்டும் வீணாகும். இடைவெளி 12-ம் 28-ம் கூடி 40-ஆகவே நிற்கும். குழித்தறியில் உட்கார்ந்திருப்பவர் தானே ஒரு மிதியை முந்தி மிதித்துவிட்டால் அடுத்ததை அங்கிருந்துதான் எண்ணுவார். பக்கத்தில் நிற்பவர் தறியைத் தட்டிவிட்டால் தன் எண்ணிக்கையை மாற்ற மாட்டார்.

ஆனால் இந்தக் கூட்டல் கணக்கை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக் கூடாது. சில சமயம் முந்து தூண்டல் சைனஸ் முடிச்சை எட்டுவதில்லை. சில சமயம் எட்டி, அதைச் சற்று அதிகமாகவே அடக்கி வைத்துவிடுகிறது. அப்போது மேலறைத் துடிப்பின் பின்னாலும் 40 கட்டமோ அதற்கு மேலோ கிடைக்கலாம். முதலில் பி அலை, பிறகுதான் கணக்கு.

அந்தப் பி அலையின் வடிவம் அது எங்கே பிறந்தது என்றும் சொல்லும். சைனஸ் முடிச்சிலிருந்து மின்சாரம் வல மேலிருந்து இடக் கீழாகப் பரவுவதால் லீட் 2-இல் பி அலை நிமிர்ந்து நிற்கிறது. முந்து துடிப்பு மேலறையின் அடிப்பகுதியில் பிறந்தால் மின்சாரம் கீழிருந்து மேலே ஏறும். லீட் 2, லீட் 3, ஏ.வி.எஃப். மூன்றிலும் பி அலை தலைகீழாகத் தொங்கும். இட மேலறையில் பிறந்தால் மார்பின் வி1 லீடில் அது முழுவதும் நிமிர்ந்து தெரியும். சைனஸ் முடிச்சுக்குப் பக்கத்திலேயே பிறந்துவிட்டால் வடிவத்தில் வேறுபாடு தெரியாது; நேரத்தை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

இவ்வளவும் பி அலை கண்ணில் படும்போது. மிகச் சீக்கிரம் வந்துவிட்ட துடிப்பின் பி அலை, முந்தைய துடிப்பின் டி அலை மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்போது தனி மேடு இருக்காது. அந்த ஒரு டி அலை மட்டும் மற்ற டி அலைகளைவிட உயரமாகவோ கூராகவோ, தோளில் ஒரு சிறு வெட்டோடோ இருக்கும். ஒரே பட்டையில் பத்து டி அலைகள் இருந்தால் பத்தையும் வரிசையாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அதற்குள் ஏதோ இருக்கிறது. இ.சி.ஜி. கற்றுக்கொள்ளும் மாணவர்களிடம் நான் ஒன்றே ஒன்றைப் பழகச் சொல்வதானால் இதைத்தான் சொல்வேன்.

சீக்கிரம் வந்த தூண்டல் ஏ.வி. முடிச்சுக்கு வந்து சேரும்போது அங்கே என்ன நிலை என்பதைப் பொறுத்து அதன் கதி மாறும். முடிச்சு தயாராக இருந்தால் வழக்கம்போல இறங்கும். பாதி தயாராக இருந்தால் தயங்கி இறங்கும். பி அலைக்கும் க்யூ.ஆர்.எஸ்.ஸுக்கும் நடுவே உள்ள தூரம் கூடும். முடிச்சைக் கடந்தும், கீழே வலக்கிளை இன்னும் தயாராகாமல் இருப்பது இன்னொரு வகை. இரண்டு கிளைகளில் வலக்கிளைக்கே வழக்கமாகக் கூடுதல் நேரம் வேண்டும். அப்போது மின்சாரம் இடக்கிளை வழியாக மட்டும் இறங்கி, வலக் கீழறையைச் சுற்றி வந்து சேரும், க்யூ.ஆர்.எஸ். அகன்று, பார்ப்பதற்குக் கீழறையில் பிறந்த துடிப்பைப் போலவே தோன்றும். ஒரு நீண்ட இடைவெளிக்குப் பின் ஒரு குறுகிய இடைவெளி வரும்போது இது நேர்வது அதிகம் என்பதை 1947-இல் எழுதியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆஷ்மனின் பெயரால் இன்றும் இதைக் குறிப்பிடுகிறார்கள். அகன்ற துடிப்பைப் பார்த்ததும் கீழறை என்று எழுதிவிடாமல் அதன் முன்னால் உள்ள டி அலையை உற்றுப் பார்த்தால், பதுங்கியிருக்கும் பி அலை காட்டிக்கொடுக்கும்.

ஏ.வி. முடிச்சு சற்றும் தயாராக இல்லாதபோது முந்து தூண்டல் மேலறையோடு நின்றுபோகும். இதுதான் மிகவும் ஏமாற்றுவது. காகிதத்தில் க்யூ.ஆர்.எஸ். இல்லை, பி அலையும் டி அலைக்குள் ஒளிந்திருக்கிறது, பார்ப்பவர் கண்ணில் படுவது வெறும் இடைவெளி மட்டுமே. இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டது, மின்பாதையில் அடைப்பு என்று பதறத் தோன்றும். இ.சி.ஜி.யில் எதிர்பாராமல் ஓர் இடைவெளி தெரிந்தால் அதற்கு மிகப் பொதுவான காரணம் இப்படி இறங்காமல் நின்ற மேலறைத் துடிப்புதான்.

இதுவே ஒவ்வொரு துடிப்புக்கும் அடுத்து நேர்ந்தால் குழப்பம் இன்னும் கூடும். நம் கணக்கிலேயே பார்ப்போம். முறையான துடிப்பு ஒன்று. அதிலிருந்து 9-ஆவது கட்டத்தில், டி அலை மேல், இறங்காத பி அலை ஒன்று. அங்கிருந்து 23 கட்டம் தள்ளி அடுத்த முறையான துடிப்பு. இது மீண்டும் மீண்டும் நடந்தால் க்யூ.ஆர்.எஸ்.கள் 32 கட்டத்துக்கு ஒன்றாக, சீராக வரும். 32 கட்டம் என்றால் 1.28 வினாடி, நிமிடத்துக்கு 47. இயந்திரம் துடிப்பு மெதுவாக இருக்கிறது என்று அச்சிட்டுக் கொடுக்கும். சைனஸ் முடிச்சு பழுது, பேஸ்மேக்கர் தேவைப்படுமோ என்ற பேச்சு எழும். உண்மையில் அந்த மேலறை நிமிடத்துக்கு 94 முறை தூண்டப்படுகிறது! மெதுவாக ஓடும் இதயமாகத் தெரிவது, அடங்காத மேலறை. இரண்டுக்கும் சிகிச்சை எதிரெதிர்த் திசையில் போகும். பேஸ்மேக்கர் என்ற சொல்லை உச்சரிக்கும் முன் டி அலைகளைப் பார்ப்பது மருத்துவர் நோயாளிக்குச் செய்ய வேண்டிய கடமை என்றே கருதுகிறேன்.

ஆரோக்கியமான ஆளுக்கு மேலறை முந்து துடிப்பு எத்தனை வரும்? இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. சுவிட்சர்லாந்தில் 50 வயதுக்கு மேற்பட்ட 1,742 பொதுமக்களுக்கு 24 மணி நேரப் பதிவுக் கருவி மாட்டிப் பார்த்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வில் 99 விழுக்காட்டினருக்கு ஒரு மேலறை முந்து துடிப்பாவது இருந்தது. இல்லாதவரைத் தேடுவதுதான் கடினம். எண்ணிக்கை மிகும்போதுதான் கவலை. கோபன்ஹேகனில் 55 முதல் 75 வயதுக்கு உட்பட்ட 678 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. மணிக்கு 30-க்கும் குறையாமல் முந்து துடிப்பு வந்தவர்களுக்கும், தொடர்ச்சியாக 20 அல்லது அதற்கு மேல் ஓடியவர்களுக்கும், பின்னாளில் பக்கவாதமும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற மேலறை நடுக்கமும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வந்தன.

நடுக்கத்துக்கும் முந்து துடிப்புக்கும் உள்ள உறவைக் கையும் களவுமாகப் பிடித்தவர் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர் மிஷேல் ஹாய்சாகேர். நடுக்கம் அடிக்கடி வந்து போகும் 45 நோயாளிகளின் மேலறைகளுக்குள் மின்கம்பிகளைச் செலுத்தி, நடுக்கத்தைத் தொடங்கி வைக்கும் முதல் துடிப்பு எங்கே பிறக்கிறது என்று தேடினார். 1998-இல் வெளியான முடிவு இதய மருத்துவத்தையே புரட்டிப் போட்டது. கண்டறிந்த 69 இடங்களில் 94 விழுக்காடு, நுரையீரலிலிருந்து இட மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள் இருந்தன. மேலறைத் தசை அந்தச் சிரைகளின் வாய்க்குள்ளும் சற்றுத் தூரம் நீண்டிருக்கிறது. அங்கிருந்து புறப்படும் முந்து துடிப்பே சிலருக்கு நடுக்கத்தைத் தூண்டுகிறது. நடுங்கும் மேலறை சுருங்குவதில்லை. அதன் மூலையில் ரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்தது உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்.

இந்தியாவில் இதற்கு இன்னொரு வாசல் உண்டு. சிறுவயதுத் தொண்டை அழற்சியைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடும். ரத்தம் முன்னே போக வழியின்றி இட மேலறை ஆண்டுக்கணக்கில் விரிந்துகொண்டே போகும். விரிந்த தசையில் முதலில் முந்து துடிப்புகள், பிறகு நடுக்கம். மேலறை நடுக்கம் உள்ள 1,537 இந்திய நோயாளிகளைப் பதிவு செய்த ஓர் ஏட்டில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு ருமாட்டிக் வால்வு நோய் இருந்தது. சராசரி வயது 55 கூட இல்லை. மேற்கு நாடுகளில் மேலறை நடுக்கம் பெரும்பாலும் முதியோர் நோய். மெக்கன்சியும் பர்ன்லியில் மைட்ரல் சுருக்கம் கொண்ட ஒரு பெண்ணைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். 1890-களின் இறுதியில் அவருடைய நாடி முற்றிலும் ஒழுங்கிழந்தபோது கழுத்துச் சிரையின் மேலறை அலை காணாமற்போனதைப் பதிவு செய்தார். அது மேலறை நடுக்கம் என்பதை 1909-இல் லண்டனில் மருத்துவர் தாமஸ் லூயிஸ் இ.சி.ஜி. மூலம் விளக்கினார். ஆகவே முப்பது வயதுப் பெண் மூச்சிரைப்போடும் விட்டுவிட்டு அடிக்கும் நெஞ்சோடும் வந்தால், ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பும் முன் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்க வேண்டும். எக்கோ ஒன்றும் எடுத்துவிட வேண்டும்.

மற்றக் காரணங்களைக் கொங்கு நாட்டில் அன்றாடம் பார்க்கலாம். கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் முதல் காரணம். அதற்குத் தரும் சிறுநீர் பெருக்கி மாத்திரை உடம்பின் பொட்டாசியத்தைக் கரைத்துவிடுவதும் உண்டு. பஞ்சு ஆலைத் தூசியில் பல ஆண்டு உழைத்து மூச்சுக்குழாய் கெட்டவர்களுக்கு நுரையீரல் நோயே வல மேலறையை அழுத்தும். போதாததற்கு அவர்கள் உறிஞ்சும் சால்பியூட்டமாலும் விழுங்கும் தியோஃபிலினும் மேலறையைத் தூண்டும். தைராய்டு அதிகம் சுரப்பது, தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் குறட்டை நோய், மது, தூக்கமின்மை எல்லாம் சேரும்.

காபி? கொங்கு வீட்டில் இதைக் கேட்காமல் விட மாட்டார்கள். நெஞ்சு படபடக்கிறது என்றவுடன் முதலில் நிறுத்தச் சொல்வது அதைத்தான். அமெரிக்காவில் 100 ஆரோக்கியமானவர்களைச் சில நாள் காபி குடிக்கவும் சில நாள் தவிர்க்கவும் சொல்லி, தொடர்ந்து இ.சி.ஜி. பதிவு செய்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. காபி நாட்களில் மேலறை முந்து துடிப்பு சராசரி 58. காபி இல்லாத நாட்களில் 53. பொருட்படுத்தும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் கீழறைத் துடிப்புகள் கூடின. தூக்கம் ஏறக்குறைய முப்பத்தைந்து நிமிடம் குறைந்தது. குடித்தால் தனக்கு அதிகமாகிறது என்று உணர்பவர் குறைத்துக்கொள்ளட்டும். மற்றவர்களிடமிருந்து காலைக் காபியைப் பறிக்க இந்த ஆய்வில் காரணம் இல்லை.

இதய அமைப்பு நன்றாக இருந்து, துடிப்புகளும் அரிதாகவே வந்தால் மருந்து தேவையில்லை. தொல்லை தாங்காதவர்களுக்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரை உதவும். மூச்சிரைப்பு நோய் இருந்தால் அதையும் யோசித்துத்தான் தர வேண்டும். மயக்கம், நெஞ்சுவலி, வேலை செய்யும்போதே வரும் படபடப்பு, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் இவற்றில் ஒன்று இருந்தாலும் கதை வேறு. அங்கே தாமதம் கூடாது.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுதேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அந்தக் கையிலேயே, 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, மணிக்கட்டு நாடியையும் ஒரு நிமிடம் தொட்டுப் பார்த்துவிட்டால் நல்லது என்பது என் ஆசை. ஐரோப்பிய இதய மருத்துவர்கள் அந்த வயதினருக்கு இதைப் பரிந்துரைக்கிறார்கள். சீராக ஓடும் நாடி எப்போதாவது ஒன்றை விட்டுவிட்டுப் பழையபடி ஓடினால் அது பெரும்பாலும் முந்து துடிப்பு. எந்த இரண்டு துடிப்புக்கும் நடுவே ஒரே அளவு இல்லாமல் முழுக்க ஒழுங்கிழந்து ஓடினால் நடுக்கமாக இருக்கலாம், அன்றைக்கே இ.சி.ஜி. எடுக்க வேண்டும். அடிக்கடி வரும் முந்து துடிப்புகளும் விரலுக்கு நடுக்கம் போலவே தோன்றும்; கைக்கடிகாரச் செயலிகளும் இந்த இடத்தில் தடுமாறுகின்றன. பி அலை இருக்கிறதா இல்லையா என்பதைக் காகிதம்தான் சொல்லும்.

வழக்கமான இ.சி.ஜி. பத்து வினாடி மட்டுமே பதிவு செய்கிறது. நாளுக்கு ஐம்பது முறை வரும் துடிப்பு அந்தப் பத்து வினாடிக்குள் வராமல் போவதே அதிகம். ‘இ.சி.ஜி. நார்மல்’ என்ற சீட்டோடு திரும்பி வருபவர்களின் மனக்குறை இதனால்தான் தீருவதில்லை. 24 மணி நேரம் உடம்பில் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் கருவி ஒரு வழி. அமெரிக்காவின் மொன்டானாவைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் அதை முதலில் உருவாக்கியபோது முதுகில் சுமக்க வேண்டிய மூட்டையாக, 38 கிலோ எடை இருந்தது; இன்று சட்டைப்பைக்குள் அடங்குகிறது. அது கிடைக்காத இடத்தில், நெஞ்சில் விட்டுவிட்டு அடிக்கும் அந்த நேரத்திலேயே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய், லீட் 2-ஐ மட்டும் ஒரு நிமிடம் ஓடவிடச் சொல்லிக் கேட்கலாம். ஒரு நிமிடத்துக்கு ஒன்றரை மீட்டர் காகிதம் ஆகும். அதில் ஒரே ஒரு முந்து துடிப்பு அகப்பட்டாலும், முன்னால் உள்ள டி அலையைப் பார்த்து, பின்னால் உள்ள கட்டங்களை எண்ணி, அது எந்த அறையில் பிறந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.